எட்டில் ஒரு வெற்று வட்டம்

இரவு பத்துக்கு ஃபர்னஸ் ஒருமுறை செருமியது,
பிறகு பேசவில்லை.
சாஸ்கடூனில் வெளியே மறை முப்பத்தொன்று.
பேஸ்மென்ட் சுவரில் பன்னிரண்டு பாகை.
வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை.
திருத்துபவர் எடுத்தார். பெயர் டார்சி.
எனக்கு முன்னால் இன்னும் ஒன்பது வீடுகளாம்.
ஐந்துக்கும் ஏழுக்கும் இடையில் வருவாராம்.

இடையில் என்ற சொல்லை
அன்றுதான் உற்றுக் கேட்டேன்.

காலை ஒன்பதுக்குப் பரீட்சை.
முப்பத்தாறு வயதில் பத்தாம் வகுப்புக் கணிதம்,
பாடம் சமனிலிகள்.
ரோவீனா தன் போர்வையையும் என்மேல் எறிந்துவிட்டு
இரவு வேலைக்குக் கிளம்பினாள்.
வாசலில் சப்பாத்தைக் கட்டிக்கொண்டே கேட்டாள்:
"குழாய் வெடித்தால் யார் காசு?"

நள்ளிரவில் இறங்கிப் பார்த்தேன். ஒன்பது.
இரண்டு மணித்தியாலத்தில் மூன்று பாகை போயிருந்தது,
ஒன்றுக்கு ஒன்றரை.
குழாயில் தண்ணீர் தண்ணீராய் இருக்க
பூச்சியத்துக்கு மேலே நிற்க வேண்டும்.
பழைய பயிற்சித்தாளின் முதுகில் எழுதினேன்:

12 − 1.5t > 0
−1.5t > −12

இருபுறமும் மறை ஒன்றரையால் வகுத்தேன்.

t > 8

அதாவது, எட்டு மணித்தியாலம் கழிந்த பிறகுதான்
இந்த வீடு பத்திரம்.
விடிய விடிய விறைக்க விட்டால் இன்னும் பத்திரம்.
கையுறைக்குள் விரல்கள் சிரித்தன.

மறையால் பெருக்கினாலும் வகுத்தாலும் குறியைத் திருப்பு:
கொப்பியில் மூன்று தரம் இருக்கிறது, சிவப்பு மையில்.
மூன்று தரமும் அதை
வாகனம் நிறுத்தாதே என்ற பலகைபோலத்தான் படித்திருக்கிறேன்.

முப்பத்தொன்று இருபதைவிடப் பெரிது.
மறை முப்பத்தொன்றில் பஸ்ஸுக்கு நின்றவளைக் கேளுங்கள்,
மறை இருபது அவளுக்கு வெயில்.
தாளைப் பூச்சியத்தில் மடித்தேன்.
வலக்கோடியில் நின்றது
இடக்கோடியில் போய் விழுந்தது.
முந்தி நின்றவன் பிந்தி நின்றான்.
எண்கள் அதே எண்கள்தான்.
குறி மட்டும், மெக்பையின் அலகு மாதிரி,
கழுத்தைத் திருப்பி மறுபக்கம் வாய் திறந்தது.

t < 8

எண்கோடு கீறினேன். எட்டில் ஒரு வட்டம்.
உள்ளே நிரப்பவில்லை:
ஆறு மணி அடிக்கும் அந்தக் கணம் என் பக்கம் இல்லை.
அம்பை இடப்பக்கம் இழுத்தேன்.
அது பூச்சியத்தில் நிற்க மறுத்தது.
மறை ஒன்று, மறை நாலு,
ஃபர்னஸ் நன்றாக ஓடிய அன்று பின்னேரம்,
எரிவாயு பில்லுக்கு நானும் ரோவீனாவும் முறைத்துக்கொண்ட நேரம்,
அதற்கும் முந்திய எல்லாம்.
கணிதத்துக்கு அவையும் விடைதான்.
எனக்கு வேண்டாம்.
பூச்சியத்தில் கறுப்பாய் ஒரு புள்ளி குத்தி அடைத்தேன்.

அதன்மேல் டார்சியையும் கீறினேன்,
ஏழிலிருந்து ஒன்பது வரை தடித்த கோடு.
அவர் கோடும் என் கோடும்
ஒரேயொரு மணித்தியாலம் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தன.
மீதி இரவை அங்கேதான் குடியிருந்தேன்.

நாலு மணிக்கு மூன்று இருக்க வேண்டும்.
நாலரை இருந்தது.
ஐந்துக்கு மூன்றரை.
கோடு நேராக விழவில்லை.
சுவருக்கு அப்பால் மண்
தன் பங்குக்கு ஏதோ கொடுத்துக்கொண்டிருந்தது,
நான் அதற்கு ஒரு எழுத்தும் வைக்கவில்லை.

ஆறு இருபதுக்கு டார்சி வந்தார், தாடியெல்லாம் பனி.
என் கணக்கில் செத்துப்போன நேரம்.
குழாயைத் திறந்து பார்த்தார், ஓடியது.
விரல் அளவில் எதையோ கழற்றி எதையோ பூட்டினார்.
தாளைக் கண்டு, இந்தத் தடிக்கோடு என்ன என்றார்.
"நீங்கள்" என்றேன்.

பரீட்சையில் மூன்றாம் கேள்வி
மறை நாலால் பெருக்கச் சொன்னது.
கை தானாகவே குறியைத் திருப்பியது.
இம்முறை வட்டத்தை நிரப்ப வேண்டும்.
நிரப்பப் போனால் பேனாவில் மை வரவில்லை,
பஸ் தரிப்பிடத்தில் உறைந்திருந்தது.
உள்ளங்கைக்குள் பொத்தி
ஊதிக்கொண்டிருந்தேன்.